சிணுங்கி கட்டிய வலை

ஜனவரி 8

அன்புள்ள அக்கா,

உன் திட்டு வந்து சேர்ந்தது. கவரின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் மாடிப்படி ஏறப் பொறுக்காமல், கீழே சலவைக் கடை வாசலிலேயே நின்று பிரித்துப் படித்தேன். முதல் வரியே “உனக்கெல்லாம் ஒரு அக்கா கேடா” என்று இருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. இத்தனை மாதமாக நான் எழுதியதற்கெல்லாம் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை கிடையாது. ஐஸ் கம்பெனி போனுக்கு அடித்தால் கணக்குப்பிள்ளை, “உங்க அக்கா இப்பதாம்மா வெளிய போனாங்க” என்பார். பின்னாலிருந்து உன் குரல், “இல்லைன்னு சொல்லுங்க” என்று எனக்கே கேட்கும். துறைமுகமே உன்னை ஒலிபெருக்கி என்று கூப்பிடுவது சும்மா இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், எழுதிக் கொடுத்தேன். உன் வீட்டுக்காரர், என் மாமாவைப் பற்றி அல்ல, நான் பார்த்ததை. படகில் போய், வலையில் மீனோடு வேறு என்னவெல்லாம் ஏறி வருகிறது என்று பார்த்து எழுதுவதற்குத்தான் என் அலுவலகம் எனக்குச் சம்பளம் தருகிறது. போன பருவத்தில் மாமாவின் வலையில், குட்டி டால்பின் மாதிரி இருக்கிற கடல்பன்றிகள் செத்து வந்தன. யாரும் வேண்டுமென்று பிடிப்பதில்லை, மற்ற படகுகளிலும் இதுதான் நிலை என்று அதே பக்கத்தில் எழுதியிருந்தேன். படகின் பெயரைக்கூட எழுதவில்லை. ஆனால் நான் ஏறியது ஒரே ஒரு படகில்தான் என்பது துறைமுகத்துப் பூனைக்கும் தெரியும்.

இப்போது நடக்கப்போவதைச் சொல்கிறேன், கோபம் இருந்தாலும் முழுக்கப் படி. இந்தப் பருவம் முடிகிற வரைக்கும் மீன்வளத் துறை தவணை கொடுத்திருக்கிறது. வலையில் ஒலிப்பெட்டி கட்டி ஒரு படகில் சோதித்துப் பார்க்க வேண்டும். கட்டிய பிறகும் கடல்பன்றிகள் செத்தால் விரிகுடாவை வலைக்கு மூடிவிடுவார்கள். எல்லாப் படகுக்கும். அந்தச் சோதனைக்கு மாமாவின் படகை எடுத்துக்கொள்ளும்படி எங்கள் மேடத்திடம் சொன்னது நான்தான். இதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள். வலையில் வந்ததை வந்தபடி சொல்கிற ஆள் என்று எனக்கு வேறு யாரையும் தெரியவில்லை.

பெட்டி ஒரு கை நீளம்கூட இராது. தண்ணீருக்குள் விட்டு விட்டு ஒரு சத்தம் போடும். கடல்பன்றி தானே ஒரு ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்புவதை வைத்துத்தான் எதிரில் என்ன இருக்கிறது என்று அறியும். நைலான் நூல் மெல்லிசு. ஒலி அதில் சரியாக மோதித் திரும்புவதில்லை. சிக்கிக்கொண்டால் மேலே வந்து மூச்சு விட முடியாது. கடலிலேயே பிறந்தது, கடலில் மூழ்கிச் சாகிறது அக்கா. பெட்டி சத்தம் போட்டால் இங்கே ஏதோ இருக்கிறது என்று விலகிப் போகும்.

வலையின் மேல்கயிற்றில், மிதவைகள் இருக்கிற கயிற்றில், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சீரான இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். கட்டுவது உன் வலைக் கொட்டகையில்தான் நடக்கும் என்பதால் உனக்கே எழுதுகிறேன்.

மாமா என் மேல் கோபமாக இருக்கிறாரா? அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி?

உன் தங்கை


ஜனவரி 19

ஏய் மீன் டாக்டர்,

அம்மா உன்னை இப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நீ படித்த படிப்பின் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. “மீனுக்கு ஜுரம் வந்தா எம் பொண்ணுகிட்டதான் வரணும்” என்று நேற்றும் ஒருத்தியிடம் அளந்துகொண்டிருந்தாள். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வாய்க்கு வலி ஒன்றும் இல்லை.

கோபமா என்றா கேட்கிறாய்? உன் மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். அவர் இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் நான் உன் பக்கம் பேசியிருப்பேன். அவர் சும்மா இருப்பதால் அவர் பங்கையும் நானே திட்ட வேண்டியிருக்கிறது. கரையில் தலை குனிந்து நடந்தது நான். மீன் எடை போடுகிற இடத்தில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது. அதெல்லாம் உன் அறிக்கையில் எழுதியிருக்காது.

பெட்டிகள் வந்தன. நம் படகில் வலை இழுக்கிற வின்ச்காரர் ஒன்றைத் தண்ணீரில் முக்கி எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். “என்னக்கா இது, சிணுங்குது!” என்றார். அன்றிலிருந்து அதற்குச் சிணுங்கி என்று பெயர் விழுந்துவிட்டது. “உங்க தங்கச்சி மாதிரியே இருக்குக்கா. பேசுதா இல்லையான்னே தெரியல.”

“அவ பேசினது பத்தலையா உனக்கு? ஒரு தடவை வாயைத் திறந்தா, விரிகுடாவையே மூடப் போறாங்க” என்றேன்.

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டோமே என்று அப்புறம் கோபம் வந்தது.

உன் சிணுங்கி லேசுப்பட்டது இல்லை. வலையை மேலே இழுக்கும்போது வின்ச் உருளையில் போய் மாட்டிக்கொள்கிறது. முதல் நாள் ஒன்று தெறித்து வின்ச்காரர் தாடையில் அடித்துவிட்டது. ஒரு கன்னம் மட்டும் வீங்கி, வாயில் முட்டையை ஒளித்து வைத்தவர் போல இருக்கிறார். இனிமேல் இதைக் கட்டினால் வின்ச்சைத் தொடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவரைச் சமாதானம் பண்ணி, அவருக்கும் தோதாக, உன் கணக்கும் குறையாமல் கட்டிக் கொடுத்துவிட்டோம். நீ அனுப்பியதில் ஒன்றுகூடக் கொட்டகையில் மிச்சம் இல்லை. போதுமா?

இதை எழுதியதால் நான் உன்னோடு பேசிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இது வேலை விஷயம்.

அக்கா


பிப்ரவரி 1

அன்புள்ள அக்கா,

வேலை விஷயத்தில் முழங்கால் வலியையும் சேர்த்து எழுதியதற்கு நன்றி.

இங்கே நான் வேலை செய்கிற அறையைப் பற்றி உனக்கு எழுதியதே இல்லை. எந்நேரமும் குளிர்ந்திருக்கும் அறை, நடுவில் ஒரு எஃகு மேசை, தரையில் தண்ணீர் ஓட ஒரு சாக்கடை. எனக்குக் கொடுத்திருக்கும் ரப்பர் காலணி இரண்டு அளவு பெரியது. நடந்தால் தவளை குதிப்பது போலச் சத்தம் வரும். எனவே அதிகம் நடக்காமல் ஒரே இடத்தில் நின்று வேலை செய்யப் பழகிவிட்டேன். கரைகளில் செத்து ஒதுங்குவதும் படகுகளில் செத்து வருவதும் இந்த மேசைக்குத்தான் வரும். ஏன் செத்தது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

பின்பக்கக் கதவில் ஐஸ் வண்டியின் ஹாரன் கேட்டால் மட்டும் அந்தக் காலணியோடு ஓடுகிறேன். நம் துறைமுகத்து வண்டியாக இருந்துவிடுமோ என்று கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன். இதுவரை வரவில்லை. ஒவ்வொரு முறையும் அது வேறு ஊர் வண்டி என்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டே கதவைத் திறக்கிறேன். செத்த விலங்கை ஏற்றிவந்த டிரைவர் என்னைப் பற்றி என்ன நினைப்பாரோ.

மேடம் நேற்று, “உங்க அக்கா வீட்டுக்காரர் படகு எப்படிம்மா போகுது?” என்று கேட்டார். “நல்லா போகுது மேடம்” என்று சொல்லும்போதே எனக்குக் குரல் இறங்கிவிட்டது. “நல்லா போகுதுன்னு இப்படி அழுகிற மாதிரி சொல்றியே” என்றார்.

பெட்டியால் வின்ச்காரருக்குக் காயம் பட்டதைப் படித்துச் சங்கடமாக இருந்தது. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நான் நேரில் சொன்னால் அவருக்குக் கேட்காது.

உன் தங்கை


பிப்ரவரி 13

செத்துவிட்டது.

நேற்று மத்தியானம் வலை இழுக்கும்போது, நடு வலையில் ஒரு கடல்பன்றி. முழுதாகச் சுற்றிக்கொண்டு, வால் மடங்கி. உன் சிணுங்கிகள் அத்தனையும் சிணுங்கிக்கொண்டுதான் இருந்தனவாம்.

வின்ச்காரர் கேட்டிருக்கிறார், “கேப்டன், அப்படியே அவுத்து விட்டுடலாமா? யாரு பார்த்தா?”

“நான் பார்த்தேன்ல” என்றாராம் உன் மாமா.

அவ்வளவுதான். கரைக்குக் கொண்டுவந்து, எல்லாரும் பார்க்க, தார்ப்பாயில் கிடத்தினார். நான் அங்கேதான் நின்றேன். துறைமுகமே கூடிவிட்டது. ஒருவன், “மச்சினிக்குப் பரிசு கொண்டாந்திருக்காரு கேப்டன்” என்றான். இன்னொருவன், “எங்க எல்லார் வாயிலயும் மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே அண்ணே, தூக்கிக் கடல்ல போட்டுட்டு வந்திருக்கக் கூடாதா?” என்றான். அவன் குரல் உடைந்திருந்தது.

வண்டி நாளை மறுநாள் உன் மேசைக்கு வரும். எட்டிப் பார்க்காமல் திற.

உன் பெட்டி பொய். நீ எழுதியதை நம்பி நாங்கள் செய்தோம். விரிகுடாவை மூடினால் இந்தக் கரையில் படகு எதற்கு, கொட்டகை எதற்கு? அம்மாவையும் கூட்டிக்கொண்டு உன் சலவைக் கடை மாடிக்கு வந்துவிட வேண்டியதுதான்.

திட்டுவதற்குத் தெம்பு இல்லை. களைப்பாக இருக்கிறது.


பிப்ரவரி 16

அக்கா,

நீ கையெழுத்துப் போடவில்லை. நீ திட்டாத கடிதம் இவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

எட்டிப் பார்க்காமல்தான் திறந்தேன். ஆண். இளம் வயது. வயிறு நிறைய மீன். நோய் எதுவும் இல்லை. வாலில் ஒரு துண்டு வலை சுற்றியபடியே இருந்தது, அவிழ்க்க முடியாமல் அறுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அதில் எப்போதோ கிழிந்து தைத்த இடம் ஒன்று இருந்தது. முடிச்சு இடப்பக்கமாகத் திரும்பியிருந்தது. இடக்கையால் வலை பின்னுகிறவள் உன் கொட்டகையில் நீ ஒருத்திதான். கையுறையைக் கழற்றிவிட்டு அந்த முடிச்சைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. “நடு வலையில்” என்று எழுதியிருந்தாய். “அவருக்கும் தோதாகக் கட்டிக் கொடுத்தோம்” என்று முன்பு எழுதியிருந்தாய். தோதாக என்றால் எப்படி? நடு வலையில் பெட்டி இருந்ததா?

இந்த மாதக் கடைசியில் கூட்டம். அங்கே முடிவெடுத்துவிடுவார்கள். உடனே எழுது. வேலை விஷயமாகவே எழுது.

தங்கை


பிப்ரவரி 20

பாப்பா,

உன் கடிதத்தைப் படித்ததும் கொட்டகைக்குப் போய் வலையை முழுக்க விரிக்கச் சொன்னேன். கொட்டகை போதாமல் வலை வாசல் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. சைக்கிள்காரர்கள் எல்லாம் மணி அடித்துத் திட்டினார்கள். வின்ச்காரர் பெட்டியைத் தண்ணீர் வாளியில் வைத்துச் சத்தம் எப்படி வருகிறது என்று காட்டினார். பிறகு ஒரு முனையில் நின்று வலையைப் பார்த்தேன்.

ஒரு முனையில் பாதிப் பெட்டிகள். மறு முனையில் மீதிப் பெட்டிகள். நடுவில் ஒன்றும் இல்லை.

முனை வரும்போது வின்ச்சை எப்படியும் மெதுவாகத்தான் ஓட்டுவார்கள். நடு வலை வரும்போது ஓட்டம் வேகம். அதனால் முனைகளில் கொத்துக் கொத்தாகக் கட்டிவிட்டால் உருளையில் மாட்டாது, தாடை வீங்காது என்று வின்ச்காரர் சொன்னார். நான்தான் சரி என்றேன். எத்தனை பெட்டி என்பதுதான் முக்கியம் என்று நினைத்தேன். ஒன்றுகூட மிச்சமில்லை என்று உனக்குப் பெருமையாக வேறு எழுதினேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பக்கமும் நின்று கத்தினால் அது எங்கே போகும்? சத்தம் இல்லாத இடத்துக்குத்தானே போகும்? நாங்களே விரட்டி நடுவில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம் பாப்பா. தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். வின்ச்காரர், “அக்கா, எம்மேல தப்பு, நான்தானே கேட்டேன்” என்றார். “நீ கேட்டே, நான் குடுத்தேன், ரெண்டு பேரும் சேர்ந்து அழலாம், முதல்ல வலையை ரோட்டுல இருந்து எடு, லாரி வருது” என்றேன்.

ஆனால் இதைக் கேள். பெட்டி பொய் இல்லை! சத்தத்துக்கு அது பயப்படுகிறது என்பது நிஜம். அன்றைக்கு ராத்திரிதான் நான் இத்தனை நாளுக்குப் பிறகு தூங்கினேன்.

இப்போது வேலை. பெட்டிக்குச் சட்டை தைக்கிறோம். கெட்டி கேன்வாஸ் துணியில் நீள உறை. இரண்டு முனையும் எலி வால் மாதிரிக் குறுகி வரும். அதற்குள் பெட்டியைப் போட்டுக் கயிற்றோடு சேர்த்து, இரண்டு மிதவைக்கு நடுவே தைத்துவிட்டால் உருளையில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போக வேண்டும் என்றுதான் சொன்னேன். முதல் சட்டை உருளையில் உரிந்துவிட்டது. இரண்டாவதில் பெட்டி மட்டும் உள்ளே சுழன்று மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. வின்ச்காரர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வருகிறார், மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். அவரிடம் மோட்டார் சைக்கிளே இல்லை, யாரிடம் வாங்கினாரோ. தையலை மேலே வைக்காமல் பக்கவாட்டில் கொண்டுபோன பிறகு மூன்றாவது வழுக்கிக்கொண்டு போய்விட்டது. முழு வேகத்தில். உன் மாமா திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு” என்றார். அவர் இதுவரை எதையும் நல்லா இருக்கு என்று சொல்லி நான் கேட்டதில்லை, என் சமையலையும் சேர்த்து.

ஆனால் கூட்டத்தில் மூடிவிட்டால் இந்தச் சட்டைகளை நான் யாருக்குப் போடுவது? நீ பேசு. நீதான் பேச வேண்டும். உனக்கு வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பேசு.

அக்கா


மார்ச் 1

அக்கா,

பேசிவிட்டேன்.

நீள மேசை. நான் கடைசியில், ஜன்னலோரம். எல்லாருக்கும் டீ வந்தது, எனக்கு வரவில்லை. நான் இருப்பது டீ கொண்டுவந்தவருக்குத் தெரியவில்லை. பெரிய அதிகாரி, “ஒரு சோதனை வெச்சோம். ஒண்ணு செத்துடுச்சு. இதுல பேச என்ன இருக்கு?” என்று பேனாவை மூடினார். மேடம் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. நல்லவேளை, அந்தச் சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள்.

“சார், சோதனையே இன்னும் நடக்கல” என்றேன்.

“என்னம்மா? சத்தமா சொல்லு.”

“சோதனையே இன்னும் நடக்கல சார்!”

தேவைக்கு மேல் கத்திவிட்டேன் அக்கா. உன் குரல் என் வாயிலிருந்து வந்த மாதிரி இருந்தது. முனைகளில் பெட்டி, நடுவில் அமைதி, அங்கேதான் அது சிக்கியது என்று சொன்னேன். “அப்போ படகுக்காரங்க சொன்னபடி கட்டல” என்றார் அவர். உன்னை நினைத்துக்கொண்டேன். “கட்ட முடியாதபடி நாங்கதான் குடுத்தோம் சார். வின்ச்சுல மாட்டும்னு நாங்க யோசிக்கவே இல்ல. போன பருவம் முழுக்க அந்தப் படகுலதான் நின்னேன். வலையில என்ன வருதுன்னு மட்டும்தான் பார்த்தேன். வலை எப்படி வருதுன்னு பார்க்கல” என்றேன். பிறகு நீ தைத்த மூன்றாவது சட்டையைப் பற்றிச் சொன்னேன். ஹெல்மெட்டையும் சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு அவர்களால் பழைய மாதிரி விறைப்பாக உட்கார முடியவில்லை.

பருவம் முடிகிற வரை மூடமாட்டார்கள். ஆனால் அதற்குள் இன்னும் ஒன்று மாமாவின் வலையில் வந்தாலும் அடுத்த பருவத்திலிருந்து விரிகுடா மூடல். இனி தவணை கிடையாது. வேறு அலுவலர் ஒருவர் அவ்வப்போது படகில் வருவார். சொந்தக்காரர் படகு என்பதால் நான் வரக் கூடாது.

வெளியே வந்ததும் மேடம் தன் டீயை என்னிடம் நீட்டினார். ஆறிப்போயிருந்தது. அவ்வளவு நல்ல டீயை நான் குடித்ததே இல்லை.

தங்கை


ஏப்ரல் 27

பாப்பா,

உட்கார்ந்து படி. நல்ல செய்திதான், இருந்தாலும் உட்கார். நான் வரிசையாகச் சொன்னால்தான் உனக்கு நான் பட்டது தெரியும்.

இந்த இரண்டு மாதமும் படகு திரும்புகிற நேரத்துக்கு நான் கரையில் நிற்பேன். உன் மாமா தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிடுவார். இல்லை என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். எனக்கு மட்டும் இல்லை. வாயில் மண்ணள்ளிப் போட்டுவிட்டீர்களே என்றானே, அவனும் ஐஸ் கம்பெனி மாடியில் நின்று அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். பார்த்ததும் ஒன்றும் தெரியாதவன் போல உள்ளே போய்விடுவான்.

மார்ச் நடுவில் உன் மாமா கண்ணாலேயே பார்த்திருக்கிறார். கடல்பன்றிக் கூட்டம் ஒன்று முதுகு தெரிய, புஸ் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டு வலைக்கு நேராக வந்ததாம். தூரத்திலேயே நின்று, சுவரோரம் நடக்கிற ஆள் மாதிரி வலை நெடுகப் போய், முனையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டதாம். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் ரொட்டித் துண்டுகளை வைத்து எனக்குக் காட்டினார். இரண்டு முறை காட்டினார். அம்மா, “போதும், ரொட்டி காயுது” என்றாள்.

நேற்று கடைசி நாள். கடைசி வலை. கரையில் நிற்க என்னால் முடியவில்லை, நானும் ஏறிவிட்டேன். உன் ஆபீஸ் ஆளும் வந்திருந்தார். பாதி நேரம் வாந்தி எடுத்தார், பாவம், மீதி நேரம் ஒழுங்காகப் பார்த்தார். வலை வர ஆரம்பித்தது. ஒரு சிணுங்கி வந்தது, போனது. இன்னொன்று வந்தது, போனது. மீனும் பரவாயில்லை. நடு வலை வரும்போது வின்ச் முனக ஆரம்பித்தது. கயிறு விறைத்தது. ஏதோ கனம்.

வின்ச்காரர் நிறுத்திவிட்டார். ஹெல்மெட்டுக்குள் அவர் முகம் வெளிறிப்போய் இருந்தது. “கேப்டன்…” என்றார்.

“ஓட்டு” என்றார் உன் மாமா.

“கேப்டன், கனமா இருக்கு.”

“தெரியுது. ஓட்டுடா.”

தண்ணீருக்கடியில் கறுப்பாக, வழவழவென்று, உருண்டையாக ஒரு முதுகு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்தது, எல்லாருக்கும் முடிந்தது என்று நினைத்தேன். உன்னை அந்த மேசைக்கு முன்னால் நினைத்தேன். வலை மேல்தட்டில் வந்து விழுகிற சத்தம் கேட்டது. பிறகு வின்ச்காரர் கத்தினார்:

“அக்கா! கிளை இருக்குக்கா!”

“எதுக்குடா கிளை?” நான் கண்ணைத் திறக்கவில்லை.

“கடல்பன்றிக்கு ஏதுக்கா கிளை? கட்டைக்கா! மரக்கட்டை!”

ஆற்று வெள்ளத்தில் வந்த முழு மரம் பாப்பா. பட்டை எல்லாம் உரிந்து, பாசி பிடித்து, வலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது. முழு வலையும் நாசம். நாங்கள் எல்லாரும் கை தட்டினோம்! வின்ச்காரர் ஹெல்மெட்டோடு அந்தக் கட்டைக்கு முத்தம் கொடுக்கப் போய் நங்கென்று இடித்துக்கொண்டார். உன் ஆபீஸ் ஆள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உன் மாமா கிழிந்த வலையின் மேலேயே உட்கார்ந்து சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கரையில் அந்தக் கட்டையை இறக்க அத்தனை பேரும் வந்தார்கள். மாடியில் நின்று பார்க்கிறவன்தான் முதலில் கை கொடுத்தான். விரிகுடா திறந்தே இருக்கும் என்று துறையிலிருந்து இன்று சொல்லிவிட்டார்கள். அடுத்த பருவத்தில் எல்லாப் படகுக்கும் சிணுங்கி. எல்லாரும் சட்டை தைக்க என் கொட்டகைக்குத்தான் வர வேண்டும். வரட்டும். எடை போடுகிற இடத்தில் பேச்சை நிறுத்தியவர்களுக்குக் கடைசியாகத் தைப்பேன்.

போன வருஷம் நீ எழுதிக் கொடுத்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அன்றைக்குத் தார்ப்பாயில் கிடந்ததை நான் கிட்டத்தில் நின்று பார்த்தேன். அதன் வாய் சிரிக்கிற மாதிரியே இருந்தது. இத்தனை வருஷம் வலை தைத்திருக்கிறேன், ஒரு நாளும் அதைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. தப்பு என்று இனிமேல் சொல்லமாட்டேன். இவ்வளவுதான் என்னால் முடியும், வாங்கிக்கொள்.

வலை கிழிந்து கிடக்கிறது. சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறு. உனக்குத் தைக்கத் தெரியாது, நூலையாவது பிடி.

உன் அக்கா


ஏப்ரல் 30

அக்கா,

உன் கடிதத்தைச் சலவைக் கடையில் நின்றே படித்தேன். கட்டை என்று வந்த இடத்தில் நான் போட்ட சத்தத்தில் கடைக்காரம்மா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். “என்னம்மா, யாருக்கு என்ன?” என்றார். “ஒண்ணும் இல்லங்க, எங்க அக்கா வலை கிழிஞ்சிடுச்சு” என்று சொல்லிவிட்டு அவரைக் கட்டிக்கொண்டேன். எனக்குப் பைத்தியம் என்று முடிவு செய்திருப்பார்.

மேடம் லீவு கொடுத்துவிட்டார். அடுத்த பருவத்தில் எல்லாப் படகுகளிலும் கட்டிப் பார்த்தால்தான் நிச்சயமாக எதுவும் சொல்ல முடியும், ஒரு படகை வைத்துத் துள்ளாதே என்றார். துள்ளவில்லை மேடம் என்று சொன்னேன். ரப்பர் காலணி காட்டிக்கொடுத்துவிட்டது.

இந்தக் கடிதம் போய்ச் சேர்வதற்குள் பஸ் என்னைச் சேர்த்துவிடும் என்று நினைக்கிறேன். நீ இதைப் பிரிக்கும்போது நான் உன் பக்கத்தில் நூல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எழுதாமல் இருந்திருக்கலாம். ஆனால் நேரில் வந்தால் என் வாயில் இது வராது: உன் குரலைக் கேட்காமல் இருந்த மாதங்களில் எனக்கு இந்த ஊரே காது கேட்காத ஊர் மாதிரி இருந்தது.

படித்துவிட்டு மடித்து வைத்துவிடு. என்னைத் திரும்பிப் பார்க்காதே. தயவுசெய்து கொட்டகையில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டாதே.

உன் தங்கை